இடது கைக்கு ஒரு வீடு

1950ஆம் வருடம், ஜூன் மாதம். நியூயார்க்கில் வசிக்கும் ஒரு பியானோ கலைஞர், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத உட்காருகிறார்.

கடிதம் போட்டவர் பெயர் சீக்ஃப்ரீட் ராப். அவரும் பியானோக்காரர்தான். இரண்டாம் உலகப் போர் அவரது வலது கையைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் இடது கையை வைத்துக்கொண்டு எப்படியாவது மேடையில் நீடிக்கவேண்டும் என்று முட்டி மோதிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இடது கைக்கென்றே பெரிய பெரிய ஆள்கள் எழுதிய கான்சர்ட்டோக்கள் உங்களிடம் இருக்கின்றன. நானும் அவற்றை வாசிக்க அனுமதிப்பீர்களா?

கடிதத்தை வாங்கிய மனிதருக்கும் வலது கை கிடையாது. முதல் உலகப் போரில் போனது. ராப் பட்ட கஷ்டம் இன்னதென்று உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவருக்குப் புரியும்.

பதில் போனது. முடியாது.

கூடவே காரணமும் சொல்லியிருந்தார். ஒருவன் வீடு கட்டுவது இன்னொருவன் வந்து குடியிருப்பதற்காக இல்லை. யோசனை என்னுடையது. பணம் என்னுடையது. கெடு முடிந்த படைப்புகளை யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். என் உரிமையில் இருப்பவற்றை, நான் மேடையேறிக்கொண்டிருக்கும்வரை தரமாட்டேன். நான் போனபிறகு எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். அவை நூலகத்தில் தூசி படிந்து கிடக்கவேண்டும் என்பது என் ஆசையில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்.

என்ன மனுஷன் இவன் என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வீட்டுக்கு அவர் கொடுத்த விலையைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம்.

அவர் பெயரை ஆங்கிலத்தில் பால் விட்கென்ஸ்டைன் என்பார்கள். சொந்த ஊரான வியன்னாவில் பவுல். நமக்கும் பவுலே சௌகரியம்.

விட்கென்ஸ்டைன் என்ற பெயரை எங்கேயோ கேள்விப்பட்டிருப்பீர்கள். சிற்றிதழ் வாசிக்கிற பழக்கமிருந்தால் கண்டிப்பாக. தத்துவமேதை லுட்விக் விட்கென்ஸ்டைன், பவுலின் தம்பி. இரண்டு வயது இளையவர்.

அப்பா கார்ல் விட்கென்ஸ்டைன், ஆஸ்திரியாவின் இரும்புச் சக்கரவர்த்தி. அந்தக் காலத்து ஐரோப்பாவின் மகா கோடீஸ்வரர்களில் ஒருவர். வியன்னாவில் அவர்கள் வசித்ததை வீடு என்று சொல்லக்கூடாது, மாளிகை. அதற்குள் ஏழு கிராண்ட் பியானோக்கள். பிராம்ஸ் வந்துபோவார். மாஹ்லர் வருவார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வந்தால் சின்னப் பையன் பவுலைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஜோடியாக வாசிப்பார். நம்மூர்ப் பெரிய மனிதர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வித்வான்கள் வருவதுபோல அல்ல. அவர்களுக்கு அங்கே அது தினசரி வாழ்க்கை.

இத்தனை சங்கீதம் இருந்தும் நிம்மதி மட்டும் இல்லை. கார்லுக்கு ஐந்து மகன்கள். எல்லோரும் தொழிலைக் கவனிக்கவேண்டும் என்பது அவரது கட்டளை. மூத்தவன் ஹான்ஸ் அபாரமான இசைத் திறமை உள்ளவன். அமெரிக்காவுக்கு ஓடிப்போய் 1902இல் காணாமல் போனான். தற்கொலை என்றே குடும்பம் நம்பியது. அடுத்து ரூடி. 1904இல் பெர்லினில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பாலில் சயனைடைக் கலந்து குடித்துவிட்டான். இன்னொரு மகன் கர்ட், 1918இல் போர்முனையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். மிஞ்சியது பவுலும் லுட்விகும். லுட்விகும் பல வருடங்கள் தற்கொலை எண்ணத்தோடுதான் வாழ்ந்தார்.

இப்படிப்பட்ட வீட்டில் 1887இல் பிறந்த பவுலுக்கு, கச்சேரி பியானிஸ்ட் ஆகவேண்டும் என்று ஆசை. லெஷெடிட்ஸ்கி என்ற, அன்றைக்கு உலகப் பிரசித்தி பெற்ற ஆசிரியரிடம் பாடம். யோசெஃப் லேபோர் என்ற கண் பார்வையற்ற இசையமைப்பாளரிடம் இன்னொரு பக்கம் பாடம். இந்த லேபோரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார். வீட்டில் யாருக்கும் பவுலின் வாசிப்பு பெரிதாகப் பிடிக்கவில்லை. கட்டைகளைப் போட்டு அடிக்கிறான் என்பது அவர்களுடைய குறை. லெஷெடிட்ஸ்கியே அதைச் சொல்லிக் கிண்டல் செய்ததுண்டு.

அப்பா இருக்கும்வரை மேடை கிடையாது. 1913 ஜனவரியில் அப்பா காலமானார். அதே வருடம் டிசம்பர் 1ஆம் தேதி வியன்னாவின் மியூசிக்வெரைன் அரங்கில், முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு பவுலின் அரங்கேற்றம் நடந்தது. விமரிசனங்கள் மோசமில்லை. வயது 26. இனி என்ன, ஏறுமுகம்தான் என்று நினைத்திருப்பார்.

ஒன்பது மாதம்கூட முடியவில்லை, போர் வந்துவிட்டது.

1914 ஆகஸ்ட். ஆஸ்திரிய ராணுவத்தில் அதிகாரியாக இருந்த பவுல், போலந்துப் பகுதியில் ரஷ்யப் படைகளை வேவு பார்க்கப் போனார். ஒரு குண்டு வலது முழங்கையைத் துளைத்தது. போர்முனைக்குப் பின்னால் இருந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துக் கையை வெட்டினார்கள். அதே சமயம் ரஷ்யப் படை அந்த ஊருக்குள் புகுந்து ஆஸ்பத்திரியையும் கைப்பற்றிவிட்டது. மயக்கம் தெளிந்து எழுந்தபோது அவருக்கு இரண்டு செய்திகள் காத்திருந்தன. வலது கை இல்லை. இனி அவர் ரஷ்யாவின் கைதி.

ஆறாத காயத்தோடு ரயிலில் ஏற்றி, வாரக்கணக்கில் பயணம். சேர்ந்த இடம் சைபீரியாவின் ஓம்ஸ்க். தஸ்தாயெவ்ஸ்கி 1850களில் தண்டனைக் கைதியாக இருந்த அதே ஊர். போர்முனையில் வேறொரு பக்கத்திலிருந்த லுட்விகுக்கு, அம்மாவின் கடிதம் மூலம் விஷயம் தெரிந்தது. திடீரென்று தொழிலே இல்லாமல் போய்விட்ட அண்ணனை நினைத்து, இதையெல்லாம் தாண்டிவர எந்தத் தத்துவம் உதவும் என்று நாட்குறிப்பில் கவலைப்படுகிறார்.

அண்ணன் தத்துவத்தைத் தேடவில்லை. ஒரு காலிப் பெட்டியைத் தேடினார்.

பெட்டி மேல் கரித்துண்டால் பியானோ கட்டைகளை வரைந்துகொண்டார். வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எல்லாம் அளவெடுத்த மாதிரி. அதன்மேல் இடது கை விரல்களை வைத்துத் தட்ட ஆரம்பித்தார். சத்தமே வராத பியானோ! அவர் தலைக்குள் மட்டும் கேட்டது. மணிக்கணக்காக, நாள்கணக்காக, இரண்டு கைக்கு எழுதப்பட்ட பாட்டை ஒரு கையில் அடக்குவது எப்படி என்று அந்த மரப்பெட்டியில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சீக்கும் குளிருமாகக் கைதிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். போர்க்கைதிகளைப் பார்வையிட வந்த டென்மார்க் தூதர் தயவில், பிறகு ஒரு பழைய நிஜ பியானோவே வாசிக்கக் கிடைத்தது.

இடது கையால் மட்டும் பியானோ வாசிப்பது சாத்தியமா? சாத்தியம், அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

பியானோவில் 88 கட்டைகள். இடது ஓரத்தில் கனமான கீழ் ஸ்வரங்கள். வலது ஓரத்தில் மெல்லிய மேல் ஸ்வரங்கள். வழக்கமாக இடது கை அடித்தளம் போடும், வலது கை மெட்டை வாசிக்கும். ஒரே கைக்காரர் என்ன செய்வார்? சுண்டுவிரலால் கீழே ஒரு கட்டையை அடித்துவிட்டு, காலால் பெடலை அழுத்திக்கொள்வார். பெடல் அமுங்கியிருக்கும்வரை அந்த ஒலி அடங்காது. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கை மின்னல் மாதிரி மேலே தாவி மெட்டை வாசிக்கும். மறுபடி கீழே. மறுபடி மேலே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு கை என்று சத்தியம் செய்வீர்கள்.

இன்னொரு வேடிக்கை. மேசைமேல் உங்கள் இரண்டு கைகளையும் விரித்து வையுங்கள். வலது கையில் மேல் ஸ்வரங்கள் பக்கம் இருப்பது எது? சுண்டுவிரல், இருப்பதிலேயே பலவீனமானது. இடது கையில் அந்தப் பக்கம் இருப்பது கட்டைவிரல், இருப்பதிலேயே பலமானது. ஆக, ஒரு கையால் மெட்டும் வாசிக்கவேண்டும் என்றால் வலது கையைவிட இடது கைதான் தோது. பவுலுக்குத் துரதிர்ஷ்டத்திலும் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

முன்னோடியும் ஒருவர் இருந்தார். கெஸா ஸிச்சி என்ற ஹங்கேரி நாட்டுப் பிரபு. சிறுவயதில் வேட்டைக்குப் போன இடத்தில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் வாசித்து ஐரோப்பாவையே வாய் பிளக்கவைத்தார். இசைமேதை லிஸ்ட்டின் சிநேகிதர். ஆனால் ஸிச்சிக்குப் பிரபு பட்டம் இருந்தது, கச்சேரி அவருக்குப் பொழுதுபோக்கு மாதிரி. பவுல் கேட்டது முழுநேரத் தொழில். அதற்குத் திறமை மட்டும் போதாது, வாசிக்கப் பாட்டு வேண்டும். இடது கைக்கென்று அன்று இருந்த சரக்கு ரொம்பக் குறைவு. பாஹின் ஒரு படைப்பை பிராம்ஸ் இடது கைக்கு மாற்றி வைத்திருந்தார். ஸ்க்ரியாபின் இரண்டு சின்ன உருப்படிகள் எழுதியிருந்தார். கோடோவ்ஸ்கியின் பயிற்சிகள் கொஞ்சம். இதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கச்சேரி செய்வது?

ஓம்ஸ்க்கிலிருந்து பழைய வாத்தியார் லேபோருக்குக் கடிதம் போட்டார் பவுல். எனக்காக இடது கைக்கு ஒரு படைப்பு எழுதித் தாருங்கள். பதில் வந்தது. அந்தக் கண் தெரியாத கிழவர், மாணவன் கேட்பதற்கு முன்பே எழுத ஆரம்பித்திருந்தார்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த மனிதர் இவர்தான்.

1915 இறுதியில், போர்க்கைதிகள் பரிமாற்றத்தில் பவுல் விடுதலையானார். ஒரு வருடம் பேய்த்தனமான சாதகம். 1916 டிசம்பரில், அரங்கேற்றம் நடந்த அதே வியன்னாவில் மறுபடி மேடை. வாசித்தது லேபோரின் படைப்பு. சரி, இனிமேலாவது மனிதர் வீட்டோடு இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. அடம்பிடித்துத் திரும்பவும் ராணுவத்தில் சேர்ந்து 1918வரை ஒற்றைக் கையோடு வேலை பார்த்தார். இந்தப் பிடிவாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்லது கெட்டது இரண்டுக்கும் அதுவே காரணம்.

போர் முடிந்ததும் ஆஸ்திரியாவின் பணம் காகிதமாகிவிட்டது. பவுல் தேசபக்தியில் போர்க் கடன் பத்திரங்களில் போட்ட பணம் அதோகதி. ஆனால் கார்ல் விட்கென்ஸ்டைன் லேசுப்பட்ட வியாபாரியா? சொத்தில் கணிசமான பகுதியை அவர் எப்போதோ வெளிநாட்டு முதலீடாக மாற்றிவைத்திருந்தார். போதாததற்கு, துறவி மனநிலையில் இருந்த தம்பி லுட்விக் 1919இல் தன் பங்கு முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். அதில் பவுலுக்கும் ஒரு பங்கு. பின்னால் இசையமைப்பாளர்களுக்குப் போன டாலர்களில் ஒரு தத்துவஞானியின் காசும் கலந்திருக்கத்தான் வேண்டும்.

1922 கடைசியிலிருந்து பவுல் ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தார். கோர்ன்கோல்ட், ஹிண்டமித், ஃப்ரான்ஸ் ஷ்மிட். பிறகு, சின்ன வயதில் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். ஸ்ட்ராஸ் வாங்கிய ஃபீஸ் 25,000 டாலர் என்கிறார்கள். 1920களின் டாலர்! பிரான்ஸின் ராவெலுக்கு 6,000. ரஷ்யாவின் புரோகோஃபியெவுக்கு 5,000. உலகத்தின் முதல் வரிசை இசையமைப்பாளர்கள் ஒரே ஒரு இடது கைக்காக மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தத்தின் ஷரத்து எளிமையானது. குறிப்பிட்ட காலம்வரை பவுலைத் தவிர வேறு யாரும் வாசிக்கக்கூடாது. ராவெல் விஷயத்தில் ஆறு வருடம்.

சிக்கல் எங்கே வந்தது? சரக்கு டெலிவரியானபோது.

ஹிண்டமித்தின் கான்சர்ட்டோ 1923இல் வந்து சேர்ந்தது. அந்த அட்வான்ஸை வைத்து ஹிண்டமித் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு பழைய கோபுரத்தைக் குடியிருக்கும்படி செப்பனிட்டுக்கொண்டார். பவுல் படித்துப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவருடைய ரசனை பிராம்ஸோடு நின்றுபோனது. அதை ஒருமுறைகூட வாசிக்காமல் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

ஸ்ட்ராஸ் எழுதியதில் ஆர்க்கெஸ்ட்ரா சத்தம் ஜாஸ்தி, அத்தனை பெரிய படையோடு என் ஒரு கை எப்படிப் போட்டி போடும் என்று புகார். கோர்ன்கோல்ட் எழுதியதிலும் அதே புகார். 1931இல் புரோகோஃபியெவ் தன் நான்காவது கான்சர்ட்டோவை அனுப்பினார். நன்றி, இதில் ஒரு ஸ்வரம்கூட எனக்குப் புரியவில்லை, நான் வாசிக்கமாட்டேன் என்று பதில். புரோகோஃபியெவ் அதை இரண்டு கைக்கு மாற்றி எழுதலாமா என்று யோசித்தார், செய்யவில்லை. 1953இல் இறக்கும்வரை தன்னுடைய அந்தப் படைப்பை அவர் மேடையில் கேட்கவே இல்லை.

ஒரு இசையமைப்பாளன் தன் சொந்தப் பாட்டைக் கேட்காமலே செத்துப்போவது. இதற்கு எந்த ஒப்பந்தத்தில் நஷ்ட ஈடு இருக்கிறது?

ராவெல் கதை இன்னும் சூடானது. 1930இல் அவர் முடித்துக் கொடுத்த இடது கை கான்சர்ட்டோ, ஒரே மூச்சில் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடக்கூடியது. அடியாழத்தில், இருட்டில் ஏதோ உறுமுகிற மாதிரி ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிக்கும். சத்தம் ஏறி ஏறி உச்சியைத் தொட்டவுடன் பியானோ தன்னந்தனியாகப் பாய்ந்து உள்ளே வரும். முதன்முதலாகக் கேட்கிறவர்களால், ஒரு கையா வாசிக்கிறது என்று நம்பமுடியாது. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். ஆனால் பவுலுக்கு ஆரம்பத்தில் அதுவும் பிடிக்கவில்லை. மாதக்கணக்கில் சாதகம் செய்தபிறகுதான் அது எவ்வளவு பெரிய படைப்பு என்று உறைத்தது. உறைத்தபிறகும் சும்மா இருந்தாரா? அங்கங்கே மாற்றினார். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருந்த வரிகளைத் தூக்கித் தன் பியானோவில் போட்டுக்கொண்டார். கூடுதல் அலங்காரம் சேர்த்தார். 1932 ஜனவரி 5ஆம் தேதி வியன்னாவில் அரங்கேறியது அந்த ரூபம்தான்.

ராவெல் அன்று அங்கே இல்லை. சில வாரங்கள் கழித்து, பியானோ கலைஞர் மார்கரீத் லாங்குடன் வியன்னாவுக்கு வந்தார். பவுல் வீட்டில் தடபுடலாக விருந்து, அதன்பிறகு வாசிப்பு. கேட்கக் கேட்க ராவெல் முகம் மாறியதைப் பக்கத்தில் இருந்த லாங் கவனித்தார். சமாளிக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசித்து முடித்ததும் ராவெல் மெதுவாகப் பவுலை நெருங்கி, நான் எழுதியது இது இல்லை என்றார். அனுபவசாலி பியானிஸ்ட் சொல்கிறேன், நீங்கள் எழுதியபடி வாசித்தால் எடுபடாது என்றார் பவுல். நானும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பழம் தின்று கொட்டை போட்டவன், எடுபடும் என்றார் ராவெல்.

சண்டை கடிதத்தில் தொடர்ந்தது. எழுதியபடியே வாசிக்கிறேன் என்று உறுதிமொழி கொடுங்கள் என்று கேட்டார் ராவெல். வாசிப்பவன் அடிமை இல்லை என்று பவுல் சீற, வாசிப்பவன் அடிமைதான் என்று ராவெல் அறுத்துச் சொல்லிவிட்டார்.

கல்லூரியில் எனக்கு மெர்க்கன்டைல் லா எடுத்த பேராசிரியர், ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் நினைத்திருக்கவேண்டும் என்று அடிக்கடி சொல்வார். இங்கே பவுல் நினைத்தது, சட்டை தைக்கத் துணி கொடுத்த மாதிரி. காசு நான் கொடுத்தேன், கை நீளம் என் இஷ்டம். ராவெல் நினைத்தது அப்படியில்லை. நீ காலத்தைத்தான் வாங்கினாய், பாட்டை வாங்கவில்லை. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், என் ஓட்டு ராவெலுக்கு. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பவுல் கேட்டிராவிட்டால் ராவெல் அதை எழுதியே இருக்கமாட்டார்.

கடைசியில் பவுல் ஓரளவு இறங்கிவந்தார். 1933 ஜனவரியில் பாரிஸில் வாசிக்கவும் வாசித்தார். ஆனால் ராவெல் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடக் கெடு முடிந்த கையோடு, 1937 மார்ச்சில், தான் விரும்பிய ஜாக் ஃபெவ்ரியேவைப் பாரிஸில் வாசிக்கவைத்தார். இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஃபெவ்ரியே ஒரு கையால் வாசித்தார். அதே டிசம்பரில் ராவெல் காலமாகிவிட்டார். அதே வருடம் ஆம்ஸ்டர்டாமில் பவுல் வாசித்ததன் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. கேட்டவர்களில் பலருக்கு ஏமாற்றம்தான். முரட்டுத்தனம், பிசிறு, இஷ்டத்துக்கு மாற்றம். வீட்டார் அன்று சொன்ன குறை, வெறும் வீட்டார் பேச்சு இல்லைபோல.

அடுத்த வருடம், 1938 மார்ச்சில், ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது.

விட்கென்ஸ்டைன்கள் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். தங்களை யூதர்கள் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. நாஜிச் சட்டம் வேறு கணக்கு போட்டது. தாத்தா பாட்டி நான்கு பேரில் மூன்று பேர் யூதப் பிறப்பு. ஆகவே நீங்கள் யூதர்கள். ஒரே நாளில் கச்சேரி கிடையாது, கன்சர்வேட்டரியில் ஆசிரியர் வேலை கிடையாது. பவுலுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஹில்டே என்ற பார்வை குறைபாடுள்ள இளம் மாணவி. யூதப் பெண் அல்ல. கல்யாணம் ஆகாமலேயே இருவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்திருந்தன. வீட்டுக்கே தெரியாத ரகசியம். நாஜிச் சட்டப்படி இது இனக் கலப்புக் குற்றம், சிறை நிச்சயம்.

ஆகஸ்டில் பவுல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அந்த வருடம் முடிவதற்குள் அமெரிக்கா. ஹில்டேயும் குழந்தைகளும் பிறகு கியூபாவரை வந்து சேர, கல்யாணம் 1940இல் அங்கேதான் நடந்தது.

ஆனால் இரண்டு சகோதரிகள் வியன்னாவை விட்டு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்ற ஒரே வழி, இறந்துபோன தாத்தா ஒருவரை ஆரியர் என்று அறிவிக்கவைப்பது. அதற்கு பெர்லின் கேட்ட விலை, குடும்பம் வெளிநாட்டில் வைத்திருந்த தங்கம். பேரம் மாதக்கணக்கில் நடந்தது. எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்காதீர்கள், இவர்களை நம்பமுடியாது என்று பவுல் இழுத்துப் பிடித்தார். நீ பணத்தைப் பிடித்துக்கொண்டு அக்காக்களின் உயிரோடு விளையாடுகிறாய் என்று மறுபக்கம் நினைத்தது. கடைசியில் 1,700 கிலோ தங்கம் கைமாறியது. 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஒப்புதலோடு தாத்தா ஆரியர் ஆனார். சகோதரிகள் பிழைத்தார்கள். குடும்பம் பிழைக்கவில்லை. அக்கா மார்கரெட், தம்பி லுட்விக் இருவரோடும் பவுலுக்கு உறவு அறுந்தது. அது திரும்ப ஒட்டவே இல்லை. 1951இல் லுட்விக் கேம்பிரிட்ஜில் இறந்தார்.

ஊர் போயிற்று, உறவு போயிற்று, தங்கத்தில் பெரும்பங்கு போயிற்று. 1940இல் பெஞ்சமின் பிரிட்டனிடம் ஒரு படைப்பு எழுதி வாங்கியபோது பவுலால் கொடுக்க முடிந்தது 700 டாலர். 25,000 எங்கே, 700 எங்கே! அதிலும் ஆர்க்கெஸ்ட்ரா சத்தம் ஜாஸ்தி என்று பிரிட்டனோடு சண்டை போட்டது வேறு கதை. மனிதர் மாறவே இல்லை.

இப்போது அந்த 1950 ஜூன் கடிதத்தை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். அறுபத்து இரண்டு வயது. மரப்பெட்டியில் கரிக்கோடு போட்டு ஆரம்பித்த வாழ்க்கையில், யாரும் பறிக்காமல் மிச்சமிருப்பது அந்த நோட்டுப் புத்தகங்கள் மட்டும். அதில் பாதியை அவரே வாசிக்கப் போவதில்லை. இருந்தாலும் சாவியைத் தர மனசில்லை. புரிகிறது. ஆனால் ராப் இருந்த இடத்தில் என்னால் பவுலை மன்னித்திருக்க முடியாது. ஓம்ஸ்க்கிலிருந்து கடிதம் எழுதியவருக்கு ஒரு லேபோர் கிடைத்தார். ஜெர்மனியிலிருந்து கடிதம் எழுதியவருக்கு இவர் கிடைத்தார்.

ராப்பும் சளைத்தவர் இல்லை. பவுல் இல்லாவிட்டால் போகிறது, புரோகோஃபியெவின் மனைவி இருக்கிறாரே என்று அவரிடமிருந்தே நான்காவது கான்சர்ட்டோவின் பிரதியை வாங்கிவிட்டார். 1956 செப்டம்பர் 5ஆம் தேதி மேற்கு பெர்லினில் அதை வாசித்தார். எழுதி 25 வருடம் கழித்து நடந்த முதல் அரங்கேற்றம். பவுல் அப்போது உயிரோடுதான் இருந்தார். அடுத்த வருடமே, இடது கைக்காரர்கள் எப்படிச் சாதகம் செய்வது என்று மூன்று பாகங்களில் பாடப் புத்தகம் வெளியிட்டார். பாட்டைத் தரமாட்டாராம், பாடம் மட்டும் தருவாராம். நியூயார்க்கில் பல மாணவர்களுக்குக் காசு வாங்காமலே கற்றும் கொடுத்தார். எந்தக் கட்டத்தில் வைப்பது இவரை?

1961 மார்ச் 3ஆம் தேதி பவுல் காலமானார். கடிதத்தில் சொன்னபடி எல்லாம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதா? ம்ஹூம். அவருடைய நூலகத்தை ஹில்டே யாரும் நெருங்கவிடாமல் பூட்டியே வைத்திருந்தார். அவருக்குப் பிறகு, 2002இல், பென்சில்வேனியாவில் இருந்த அந்தப் பெட்டகம் வெளிச்சத்துக்கு வந்தபோது, உள்ளே ஹிண்டமித்தின் கான்சர்ட்டோ தூங்கிக்கொண்டிருந்தது. தூசி படியக்கூடாது என்று அவர் ஆசைப்பட்டவற்றில் ஒன்று, 79 வருடத் தூசியோடு.

அதை உலகுக்கு முதலில் வாசித்துக் காட்டியவர் லியோன் ஃப்ளெய்ஷர். 2004 டிசம்பரில், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு. அமெரிக்காவின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவரான ஃப்ளெய்ஷருக்கு 1960களின் மத்தியில், முப்பத்தாறு வயதில், வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டு செயலிழந்துபோயின. நரம்புக் கோளாறு. அதன்பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் அவரைப் பியானோ முன்னால் உட்காரவைத்தது ராவெலும் பிரிட்டனும் புரோகோஃபியெவும் எழுதிய இடது கைப் படைப்புகள்தான். கேரி கிராஃப்மன் என்ற இன்னொரு பெரிய பியானிஸ்டுக்கும் அதேபோல வலது கை மக்கர் செய்தபோது, அவர் கோர்ன்கோல்டின் கான்சர்ட்டோவைத் தூசி தட்டி எடுத்தார். எல்லாம் பவுல் காசு கொடுத்துக் கட்டிய அறைகள்.

2025 ஜூலையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ப்ராம்ஸ் இசை விழாவில் நிக்கோலஸ் மெக்கார்த்தி என்ற ஆங்கிலேயர் ராவெலின் இடது கை கான்சர்ட்டோவை வாசித்தார். பிறக்கும்போதே வலது கை இல்லாதவர். ஒரு கை மட்டுமே உள்ள ஒருவர் அந்த விழாவில் அதை வாசித்து 74 வருடமாகியிருந்தது. கடைசியாக, 1951இல், வாசித்தவர் பவுல் விட்கென்ஸ்டைன்.